படகு ஆணி

போன மாதம் எங்கள் கம்பெனியில் எல்லோரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே போனதும் கூட வந்த பெண்கள் உட்காரக்கூட இல்லை, போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கப்பல் கயிற்றைச் சுருட்டி முக்காலி செய்திருந்தார்கள். மீன் கூடைக்குள் பல்பு தொங்கியது. உடைந்த படகு ஒன்றைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்து அதில் சாமான் அடுக்கியிருந்தார்கள். ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் பச்சை. “இதுக்குப் பேரு போஹோ ஸ்டைல். ஃபாரின்ல எல்லாம் இப்ப இதான்” என்று எங்கள் மேனேஜர் விளக்கம் கொடுத்தார். எனக்கு வந்த எரிச்சலில் சாப்பாடு இறங்கவில்லை.

இதையெல்லாம் என் அத்தை எப்போதோ செய்து முடித்துவிட்டாள். பழவேற்காட்டில், பாதி இடிந்த ஒரு வாடகை வீட்டில், யாரிடமும் கேட்காமல், எதிலும் பார்க்காமல் செய்தாள். இந்தக் கடைக்காரனை டிசைனர் என்கிறார்கள். என் அத்தையைப் பைத்தியம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

எனக்கு அப்போது பத்து வயது. கும்மிடிப்பூண்டியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு சிப்காட்டில் இரும்பு மில்லில் வேலை. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரே ரோஸ் கலர், ஒரே அளவு ஜன்னல், ஒரே மாதிரி இருட்டு. குடி வந்த அன்றே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் எங்கள் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். சாமி படம் ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்திருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்கூட அம்மா அதட்டுவாள், தலை எண்ணெய் ஒட்டிக்கொள்ளுமாம். சுவர் என்பது நம் வீட்டுக்குள் இருக்கிற அடுத்தவர் பொருள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட எனக்கு அத்தையின் வீட்டை முதல் தடவை பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்?

பழவேற்காடு ரொம்பப் பழைய ஊர். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். டச்சுக்காரர்களின் கல்லறை இருக்கிறது, அதன் வாசலில் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருப்பார்கள். மசூதி, சர்ச், பெருமாள் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். அந்தக் கல்லறைக்குப் பின்பக்கத் தெருவில்தான் அத்தையின் வீடு. பாதி வீடு இடிந்து அதில் அரசமரம் முளைத்திருந்தது. நின்றுகொண்டிருந்த பாதியில் அத்தை குடியிருந்தாள். வளைவு வைத்த வாசல். சுவர் எவ்வளவு தடிமன் என்றால், ஜன்னல் பள்ளத்தில் நான் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குச் சொந்தக்காரி பக்கத்து வீட்டு பாயம்மா. ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று அத்தை கேட்டதற்கு, “எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்து செவுரு புள்ள. நீ பீரங்கி வெச்சி அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிவிட்டாராம்.

அது போதாதா அத்தைக்கு?

ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் சின்ன ஆணி நிற்காது. பொலபொலவென்று உதிர்ந்து வந்துவிடும். அத்தை படகு கட்டுகிற இடத்துக்குப் போய்ப் படகு ஆணி வாங்கி வந்தாள். விரல் நீளம், சதுரத் தலை. அது உள்ளே இறங்கிவிட்டால் ஆள் தொங்கலாம். அந்த ஆணிகளில் அத்தை மாட்டாத பொருள் கிடையாது.

வாசலுக்கு எதிர்ச் சுவருக்குப் படகுக்கு அடிக்கிற நீலம். ஆயில் பெயிண்ட், தொட்டால் வழுக்கும். மீனவர்கள் அடித்தது போக மிச்சம் கொடுத்தது. பக்கத்துச் சுவர் பச்சை, அது பாதியிலேயே தீர்ந்துபோனதால் மேல் பாதி மஞ்சள். அந்தச் சுவருக்கு முன்னால் உடைந்த படகின் மூக்குப் பகுதி செங்குத்தாக நின்றது. அதன் குறுக்குச் சட்டங்களில் அரிசி டப்பா, நூல்கண்டு, சங்கு, பவுடர் டப்பா எல்லாம் வரிசையாக இருக்கும். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற வேலை தொடங்கிய புதிது. அங்கே தூக்கிப் போட்ட தடிக் கயிறு காயலான் கடைக்கு வந்ததை அத்தை வாங்கி, மலைப்பாம்பு சுருண்ட மாதிரி சுருட்டி, மேலே மெத்தை தைத்துப் போட்டு உட்காரும் இடமாக்கிவிட்டாள். நண்டு பிடிக்கிற கூடைக்குள் பல்பு. சாயங்காலம் அதைப் போட்டால் வீடு முழுக்கக் கட்டம் கட்டமாக நிழல் விழும். அந்தக் கட்டங்களில் நான் பாண்டி ஆடுவேன்.

அத்தைக்குத் தையல் வேலை. பழவேற்காட்டில் கல்யாணம் என்றால் ஜாக்கெட் அத்தையிடம்தான் வரும். வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தாள். ஊரில் யார் யார் என்ன ஜாக்கெட் போட்டார்கள் என்று அந்தத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். ஏரிக்காற்று அடித்தால் தரை முழுக்க அத்தனை கலரும் ஓடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கண்ணாடிகள்தான். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிகளைப் பிரிக்கிற கடை ஒன்று உண்டு. அங்கிருந்து லாரியின் பக்கக் கண்ணாடிகளை வாங்கி வந்து, தையல் மிஷினைச் சுற்றிச் சுவரில் வேறு வேறு சாய்மானத்தில் மாட்டியிருந்தாள். மிஷினில் உட்கார்ந்தபடியே ஒன்றில் தெரு தெரியும், ஒன்றில் ஏரி, ஒன்றில் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று தெரியும். தலையைத் திருப்பாமல், “பால எறக்குடி, பொங்கிக்கினு கீது” என்பாள். முதுகில் கண் உள்ளவள் என்று நான் முதலில் நம்பினேன்.

அம்மாவுக்கு அந்த வீட்டைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஒரு மூலையில் சுவரில் ஈரம் இறங்கிக் கறை படிந்திருந்தது. பார்க்கக் குடம் தூக்கிய பெண் மாதிரி இருக்கும். அத்தை அந்தக் கறையைச் சுற்றி ஒரு போட்டோ ஃபிரேமை மாட்டிவிட்டாள்.

“ஏம்மா, ஈரத்துக்குப் போயி யாராவது பிரேம் போடுவாங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேன்னுது அண்ணி. சரி, இருக்கறதுன்னு ஆயிடுச்சி, மரியாதயா இருந்துட்டு போவட்டுமேன்னு உட்டுட்டேன்” என்றாள் அத்தை.

அத்தை ஏன் தனியாக இருந்தாள் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு பதில்தான் சொல்வார்கள். ஆணிக்காக வந்துவிட்டாளாம். அவளைக் கட்டிக்கொடுத்தது பொதட்டூர்பேட்டையில். நிலபுலன் உள்ள குடும்பம், புதுசாகக் கட்டிய மாடி வீடு, வழவழவென்று சுவர். அங்கே அத்தை இன்ச் டேப்பும் கத்தரிக்கோலும் மாட்ட ஒரே ஒரு ஆணி அடித்தாள். மாமியார் குறட்டைக் கொண்டுவந்து, தெருவில் இருந்த பொம்பளைகளை எல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அதைப் பிடுங்கினார். ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடைத்தார். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அத்தை தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். “ஒரு ஆணிக்காக வாழாவெட்டியா வந்தவ” என்று கல்யாண வீடு, சாவு வீடு எல்லா இடத்திலும் பேசுவார்கள். எனக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் வீட்டிலும் ஆணி அடிக்க விடுவதில்லை. விட்டால் நானும் போயிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை ரயிலில் பொன்னேரி வரை, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காட்டுக்குக் கூட்டி வருவார். அத்தையோடு பேசுவார். அவள் மிஷினுக்கு எண்ணெய் விடுவார், பெல்ட் மாற்றுவார். ஆனால் அங்கே ஒரு வாய் சாப்பிட மாட்டார். தண்ணீர் பாட்டிலைக்கூட வீட்டிலிருந்தே கொண்டு வருவார். அத்தை நண்டுக் குழம்பு வைக்கிற வாசனை தெரு முனை வரை வரும். அப்பா எழுந்து ஏரிக்கரைக்குப் போய், பொன்னேரியில் வாங்கிய லெமன் சாதப் பொட்டலத்தைத் தனியாகப் பிரித்துச் சாப்பிடுவார். ஏன் என்று அம்மாவைக் கேட்டேன்.

“அப்பாக்கு நண்டு ஒத்துக்காது. ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும். அத்த ஊட்டு சட்டி பூரா நண்டு சட்டி” என்றாள் அம்மா.

பாவம் அப்பா என்று நினைத்துக்கொண்டு நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் பொதட்டூர்பேட்டையிலிருந்து சேதி வந்தது. மாமாவின் பெரியப்பா, மாமியார், மாமா மூன்று பேரும் அத்தையை வந்து பார்க்கப் போகிறார்களாம். அத்தை பைத்தியம் பிடித்து ஏதோ சூனியக்காரி மாதிரி குடித்தனம் நடத்துகிறாள் என்று யாரோ அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நேரில் பார்த்துப் பேசி ஒரு முடிவு கட்டுவதாகப் பெரியவர் சொல்லி அனுப்பினார். அவர் பேச்சுக்கு எங்கள் சனத்தில் எதிர்ப்பேச்சு கிடையாது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சம்பந்தம் பேசப் போனாலும் சரி, பஞ்சாயத்துக்குப் போனாலும் சரி, முடிவு தெரியும்வரை பச்சைத் தண்ணீர் தொட மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் யாரும் மாற்றிப் பேச முடியாது.

அப்பா ஒரு யோசனை செய்தார். வீட்டைப் பார்த்தால்தானே பைத்தியம் என்பார்கள்? வீட்டை ஒழுங்காகக் காட்டிவிட்டால், சரி, மானமாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாளே சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு எங்களோடு பழவேற்காட்டில் போய் இறங்கினார்.

“ஒரு நாளைக்கு தாம்மா. அவங்க வந்து பாத்துட்டு போவட்டும். அப்பறம் நீ இன்னா வேணா மாட்டிக்கோ.”

“இப்ப ஒழுங்கா இல்லியாணா?” என்றாள் அத்தை.

“ஈரத்துக்கு பிரேம் போட்டு வெச்சிகீற. அந்தாளு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? பேஜாரு பண்ணாதம்மா.”

அத்தை மேலே ஏறி நண்டுக் கூடை விளக்கைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒன்று விடாமல் கழற்றினோம். திரையைச் சுருட்டினோம். கண்ணாடிகளை அத்தையின் பழைய புடவைகளில் சுற்றினோம். எல்லாவற்றையும் போர்வைகளில் போட்டு மூட்டை கட்டி மூலையில் அடுக்கினோம். படகை நகர்த்த முடியவில்லை, அதன் மேல் பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டாள் அம்மா. அது முக்காடு போட்ட பொம்பளை மாதிரி நின்றது. கடைசியில் சுவரில் ஆணிகள் மட்டும் மிச்சம்.

“ஆணியும் வாணாம். அந்தம்மா கண்ணுல பட்டா அதுலேர்ந்தே ஆரம்பிக்கும்” என்று அப்பா குறட்டை எடுத்தார். ஒவ்வொரு ஆணியும் சுண்ணாம்புத் தூளோடு பொக்கென்று வந்தது. அத்தை பால் பவுடர் டப்பாவைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மெதுவாணா. பல்லு புடுங்கற மாதிரி கீது” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை.

பிறகு அப்பா சுண்ணாம்பு அடித்தார்.

“ஆயில் பெயிண்டு மேல சுண்ணாம்பு நிக்காதுணா.”

“நாளிக்கி சாயந்தரம் வரைக்கும் நின்னா போதும்.”

மறுநாள் காலையில் வீடு வெள்ளையாக இருந்தது. ஆஸ்பத்திரி மாதிரி. அல்லது எங்கள் லைன் வீடு மாதிரி. பேசினால் எதிரொலித்தது. அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நல்லபடி பேசி முடிந்தால் சாப்பிட வைக்க வேண்டும் என்று நண்டும் மீனும் செய்தாள்.

உச்சி வெயிலில் அவர்கள் வந்து இறங்கினார்கள். பெரியவர் கஞ்சி போட்ட வேட்டியில் முன்னால் வந்தார். பின்னால் மாமியார், அதற்கும் பின்னால் மாமா. பெரியவர் வாசலில் நின்று சுவரைப் பார்த்தார், காலி அறையைப் பார்த்தார், மூலையில் இருந்த மூட்டைகளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அட! மூட்ட முடிச்செல்லாம் கட்டி ரெடியா வெச்சிட்டியா? நாள் பூரா மல்லுக்கட்டணுமேன்னு நெனச்சிக்கினே வந்தேன். பாத்தியா நைனா,” என்று அப்பாவின் தோளில் தட்டினார். “நம்ம பொண்ணு நம்ம பொண்ணுதான்!”

“நான்தான் சொன்னேனே மாமா, நாலு நாளு உப்புக்காத்து பட்டா புத்தி தானா வரும்னு” என்று பெரியவரிடம் சொன்னார் மாமியார்.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒழுங்கான வீடு மாதிரி காட்டுகிறோம் என்று நினைத்து, காலி செய்துகொண்டு போகிற வீடு மாதிரி செய்து வைத்திருந்தோம். சாமானை எல்லாம் கட்டி வைத்துவிட்டு, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டு நின்றால் வேறு என்ன நினைப்பார்கள்?

அப்பா வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ‘இல்லைங்க, அது அப்படியில்லை’ என்று. சொல்லவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார். அத்தை அடுப்படி வாசலில் சோற்றுப் பானையோடு நின்று அவரைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். தங்கை புருஷனோடு போய்விட்டாள் என்றால் மில்லில் நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிமிஷம் அவர் அதைத்தான் நினைத்திருப்பார். என் அப்பா என்பதற்காக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“அப்ப பேச இன்னா கீது? இலைய போடு. ராகுகாலத்துக்கு முன்னாடி கை நனைச்சிட்டு கெளம்பிடலாம்” என்றார் பெரியவர். “நீயும் குந்து நைனா. இன்னிக்கி எல்லாம் ஒண்ணா சாப்புடுவோம்.”

அப்பா இலையில் உட்கார்ந்தார்.

“அம்மா, அப்பாக்கு நண்டு...” என்று நான் கிசுகிசுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அம்மாதான் பரிமாறினாள். அத்தை பானையை அவளிடம் கொடுத்துவிட்டு மூட்டைகளிடம் போனாள். ஒரு மூட்டையைப் பிரித்தாள். புடவை மாற்றிக்கொண்டு கிளம்பத்தான் பிரிக்கிறாள் என்று மாமியார் நினைத்திருக்க வேண்டும், “அந்த பச்ச பட்டு கீதே, அத்த கட்டு” என்றார். அத்தை எடுத்தது புடவையை இல்லை. அதற்குள் சுற்றியிருந்த லாரிக் கண்ணாடியை எடுத்தாள். பால் பவுடர் டப்பாவை எடுத்தாள். சுத்தியலை எடுத்தாள்.

ஆணிகளைத் தையல்காரி குண்டூசியைக் கவ்வுவது போல உதட்டில் கவ்விக்கொண்டாள். ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்து ஓங்கி ஒரு அடி.

தொம்மென்று வீடே அதிர்ந்தது. சோற்றை நோக்கிப் போன பெரியவரின் கை அந்தரத்தில் நின்றது.

இரண்டாவது அடிக்குச் சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிர ஆரம்பித்தது. ஆணியைச் சுற்றி ஒரு தட்டளவு நீலம் தெரிந்தது. அடுத்த அடிக்கு ஒரு ஜன்னலளவு. வெள்ளை எல்லாம் காய்ந்த தோல் மாதிரி கழன்று விழுந்துகொண்டே இருந்தது. அத்தை கண்ணாடியை மாட்டினாள். சாய்மானம் சரி பார்த்தாள். இப்போது அவள் திரும்பாமலேயே இலைகளில் உட்கார்ந்திருந்த எல்லோரையும் பார்க்கலாம். அடுத்த ஆணியை எடுத்தாள்.

“ஐயோ, சோத்துல வுழுதுடி! இன்னாடி பண்ற?” என்று கத்தினார் மாமியார்.

அத்தை உதட்டில் இருந்த ஆணிகளைக் கையில் எடுத்தாள்.

“ஆணி அடிக்கறேன் அத்தே.”

“எலைல ஒக்கார வெச்சி அவமானம் பண்றியா?” என்றார் பெரியவர்.

“அவமானம் இல்ல பெரிய மாமா. நீங்க வர்றீங்கன்னு எங்கண்ணன் எல்லாத்தையும் கழட்ட சொல்லிச்சி, கழட்டினேன். நீங்கதான் பாத்துட்டீங்களே. அதான் மாட்டறேன். நீங்க சாப்புடுங்க.”

“நாங்க சாப்ட்டா நீ கெளம்பி வரணும்.”

“அப்ப சாப்டாதீங்க” என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடியும் ஆணிகளைக் கவ்விக்கொண்டாள்.

சுவரின் பெரும்பாதி நீலமாகிவிட்டது. அழுக்கு வெள்ளைக்கு நடுவில் அந்த நீலம் முன்பு இருந்ததைவிடப் பிரகாசமாக இருந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் இலையை விட்டு எழுந்தார். மாமியார் எழுந்து முந்தானையை உதறினார். மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் அத்தையின் முதுகையும் நீலச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எழுந்து வாடா” என்று மாமியார் கத்தியதும் எழுந்துவிட்டார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக எழுந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்த வீரம்.

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா குந்திக்கினு கீற? எழுந்து வா நைனா. இது ஊடே இல்ல. இங்க கை நனைச்சேன்னா இவ செய்யறதெல்லாம் சரின்னு நீயே சொன்ன மாதிரி. அப்பறம் நம்ம சனத்துல ஒரு நல்லது கெட்டதுக்கு வந்து நிக்க முடியாது, யோசிச்சிக்கோ.”

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் சுண்ணாம்பு விழுந்திருந்தது. சோற்றின் மேல் இருந்த பொடியை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளினார். சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. அத்தை ஆணியைச் சுவரில் வைத்தபடி அசையாமல் நின்றாள். நான் நின்ற இடத்திலிருந்து அந்த லாரிக் கண்ணாடியில் அப்பா சின்னதாகத் தெரிந்தார். அத்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொழம்ப ஊத்து” என்றார் அப்பா.

அம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு ஓடி வந்து ஊற்றினாள். அப்பா பிசைந்து வாயில் வைத்தார். வேகவேகமாகச் சாப்பிட்டார். நண்டு ஓட்டைக் கடிக்கிற சத்தம் அந்தக் காலி வீட்டில் பெரிதாகக் கேட்டது. வாசலில் நிழல்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்து போயின. வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பாயம்மா, “இன்னா புள்ள, நேத்து அடிச்ச சுண்ணாம்பு இன்னிக்கே கொட்டிடுச்சி?” என்று கேட்டுவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அத்தையின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பாமலேயே, “அண்ணி, அண்ணனுக்கு இன்னொரு நண்டு வையுங்க” என்றாள். குரல் அடைத்திருந்தது. வாயில் ஆணி இருக்கிறதல்லவா, அதனால்தான் என்று நினைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அப்பா மிச்ச ஆணிகளைத் தானே அடித்தார். பொழுது சாயும்போது நண்டுக் கூடை மேலே ஏறிவிட்டது, திரை ஜன்னலுக்கு வந்துவிட்டது, முக்காடு போட்டு நின்ற படகு மறுபடியும் படகாகிவிட்டது. ஈரக் கறைக்கு ஃபிரேமை மாட்டியதும் அப்பாதான். கோணலாக மாட்டினார். அத்தை அதைத் திருத்தவே இல்லை, இன்றைக்கும் அது அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு அதிலெல்லாம் புத்தி போகவில்லை. ஒரே கவலைதான், அப்பா நண்டு சாப்பிட்டுவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொன்னேரி வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். சட்டைக் கையை மெல்ல மடித்து முழங்கை வரை பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். எங்கேயும் தடிக்கவில்லை, சிவக்கவில்லை. கண் ஓரம் மட்டும் ஈரமாக இருந்தது. காரம் அதிகம் போல.

ரயிலில் ஏறும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவுக்கு நண்டு நன்றாகத்தான் ஒத்துக்கொள்கிறது. யாரோ தப்பாகச் சொன்னதை நம்பிக்கொண்டு, இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஏரிக்கரையில் உட்கார்ந்து அந்த ஆறிப்போன லெமன் சாதத்தைத் தின்றிருக்கிறார்.